டிசைன் படிப்பு என்றால் படம் வரைவதா? பெற்றோர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், விழுப்புரத்தில் நாம் இமாமத் செய்த பள்ளிவாசலின் சார்பில் ரமளான் நேர அட்டவணை ஒன்றை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் கட்டத்தில் ஆங்கிலத் தேதி, அடுத்ததில் பிறை, அதன்பின் ஸஹர் முடியும் நேரம், இஃப்தார் நேரம். தேதியும் பிறையும் ஒரே அளவு எழுத்து, ஒரே கறுப்பு மை. அந்த ஆண்டு முதல் நோன்பு மார்ச் 24 அன்று வந்தது.

பிறை 24 அன்று அதிகாலையில் ஒரு முதியவர் மங்கலான வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்திருக்கிறார். 24 என்று கண்ணில் பட்ட வரியைப் படித்திருக்கிறார். அது பிறை 24 அல்ல, தேதி 24. அதாவது முதல் நோன்பின் வரி. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஃபஜ்ர் நேரம் ஏறக்குறைய கால் மணி நேரம் முன்னால் வந்துவிடும். காது சற்று மந்தமானவர் என்பதால் பாங்கும் கேட்கவில்லை. நேரம் கடந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மகன் வந்து சொன்னபோது, அந்த நோன்பைக் களாச் செய்துவிடச் சொன்னோம். சொல்லி அனுப்பிவிட்டு அட்டையை எடுத்துப் பார்த்தோம். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நேரங்கள் எல்லாம் சரி. அச்சகத்தார் நாம் எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சிட்டிருந்தார், அவர்மீது குற்றமில்லை. கட்டங்களை அந்த வரிசையில் எழுதிக் கொடுத்தது நாம்தான். எல்லாம் சரியாக இருந்தும் செய்தி தவறாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்டிவனத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு சகோதரர் ஒருவர் நம்மைத் தனியாக அழைத்தார். "ஹஜ்ரத், மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். டிசைன் படிக்கணும் என்கிறாள். படம் வரையறதுக்கு நாலு வருஷம் காலேஜா? அதுவும் மார்க்கத்தில் கூடுமா? நாளைக்குச் சோறு போடுமா?" என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள். இதே கேள்விகளோடு நம் பகுதியில் பல பெற்றோர் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிவிட்டுக் கலைக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவர் என்ற முறையில், இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் அறிந்து அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறோம்.

இது என்ன படிப்பு?

கிராஃபிக் டிசைன், கம்யூனிகேஷன் டிசைன் என்று இதைச் சொல்கிறார்கள். தமிழில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு எனலாம். அழகாகப் படம் போடக் கற்றுக்கொடுப்பது இதன் முதல் நோக்கம் அல்ல. ஒரு செய்தியை, அதைப் பெறவேண்டியவர் தவறின்றி, சிரமமின்றிப் புரிந்துகொள்ளும்படி எழுத்து, நிறம், இடைவெளி, உருவம் ஆகியவற்றால் ஒழுங்கு செய்வதுதான் நோக்கம். நம் ரமளான் அட்டையில் பிறை எண்ணைப் பெரிதாகவும் தடித்த எழுத்திலும் முதல் கட்டத்தில் வைத்து, ஆங்கிலத் தேதியைச் சிறிதாக ஓரத்தில் போட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு லேசான நிறம் கொடுத்திருந்தால் அந்த முதியவரின் நோன்பு போயிருக்காது. அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்தோம்.

இது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் வாக்குச்சீட்டில் பெயர்களை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரித்து, துளையிடும் இடத்தை நடுவில் வைத்திருந்தார்கள். தாம் நினைத்தவருக்கு அல்லாமல் வேறொருவருக்குத் துளையிட்டுவிட்டதாக ஏராளமானோர் முறையிட்டார்கள். அந்த மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் வென்றது வெறும் 537 வாக்கு வித்தியாசத்தில். அந்த மாநிலத்தை வென்றதால்தான் அவர் அதிபரானார். மாறாக நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மை மக்களும் தாம் விரும்பியவரை அடையாளம் காண ஆளுக்கொரு சின்னம் கொடுத்தார்கள். இதுவும் காட்சித் தொடர்பு வடிவமைப்புதான்.

மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி எங்கே இருக்க வேண்டும், ரயில் நிலையத்தில் நடைமேடை எண்ணை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும், கைப்பேசியில் பணம் அனுப்பும்போது 'உறுதி செய்' என்ற பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்கிறார். அவருக்கான படிப்புதான் இது.

நம் மாவட்டத்துப் பிள்ளை வரைந்த சின்னம்

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்தவர் டி. உதயகுமார். கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தவர். இன்று தனி மாவட்டமாக இருக்கும் கள்ளக்குறிச்சி, 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

2009இல் மத்திய அரசு ரூபாய்க்கு ஒரு சின்னம் வேண்டுமென்று நாடு தழுவிய போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அதே ஆண்டிலேயே உலகக் கணினிகளுக்கான யூனிகோடு எழுத்துப் பட்டியலிலும் அந்தச் சின்னம் இடம்பெற்றது.

சில கோடுகள்தானே என்று தோன்றும். தேவநாகரி 'ர' எழுத்தும், செங்குத்துக் கால் இல்லாத ஆங்கில 'ஆர்' எழுத்தும் ஒரே வடிவத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. மேலே உள்ள இரண்டு இணைகோடுகளும் நடுவிலுள்ள வெற்றிடமும் மூவண்ணக் கொடியை நினைவூட்டும்படி வைக்கப்பட்டவை. கையால் நொடியில் எழுதலாம். கணினியில் எண்ணுக்குப் பக்கத்தில் அடங்கி நிற்கும். டாலர், பவுண்டு, யூரோ சின்னங்களோடு சமமாக நிற்கும்.

அவர் படித்த வழியையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம். பிறகு மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறையில் காட்சித் தொடர்பில் முதுகலை. அங்கேயே தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம். அதன்பின் குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியப் பணி. அந்தச் சில கோடுகளுக்குப் பின்னால் பல ஆண்டுப் படிப்பு இருக்கிறது. மூன்று மாதத்தில் மென்பொருளை இயக்கக் கற்பதற்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மென்பொருள் பேனா மாதிரி. பேனா பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் எழுத்தாளர் ஆகிவிடுவதில்லை.

மார்க்கத்தில் கூடுமா?

இந்தக் கேள்விக்கு முன், நம் சமுதாய வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். முதன்முதலில் இறங்கிய வஹீயிலேயே எழுதுகோல் பேசப்படுகிறது என்பதை மதரஸாப் பிள்ளைகள்கூட அறிவார்கள். தொடக்ககால முஸ்ஹஃபுகளில் இன்று நாம் காணும் ஸேர், ஸபர், பேஷ் குறிகள் இல்லை. அரபி தாய்மொழி அல்லாதவர்கள் இஸ்லாத்துக்குள் வந்தபோது ஓதுதலில் பிழை வரத் தொடங்கியது. அப்போது அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிரொலிகளைக் காட்ட நிறப் புள்ளிகளை வைக்கும் முறையைத் தொடங்கினார்கள் என்று வரலாறு சொல்கிறது. எழுத்துக்கு ஒரு நிறம், குறிக்கு வேறு நிறம். பின்னால் கலீல் இப்னு அஹ்மது அவர்கள் இன்றைய குறிகளின் வடிவத்தைக் கொடுத்தார்கள். அலங்காரத்துக்காக இதைச் செய்யவில்லை. படிப்பவர் தவறிவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்தார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா, எழுதுகோல் வைக்கும் ஒரு புள்ளியை அளவாகக் கொண்டு ஒவ்வோர் அரபி எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். இன்று டிசைன் கல்லூரிகளில் எழுத்துருவியல் என்று கற்பிப்பதன் அடிப்படையும் இந்த விகிதக் கணக்குதான். நம் தமிழ் முஸ்லிம் முன்னோரும் சளைத்தவர்கள் அல்லர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அரபுத்தமிழை உருவாக்கினார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பட்ட 'முசல்மான்' உருது நாளிதழை, கணினி வந்த பிறகும் காத்திபுகள் கையாலேயே எழுதிவந்தார்கள் என்பது உலகமே வியந்த செய்தி. எனவே இந்தத் துறை நமக்கு அந்நியமானது அல்ல.

இனி சட்டத்துக்கு வருவோம். உயிருள்ளவற்றின் உருவத்தைக் கையால் வரைவது குறித்துக் கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன. புகைப்படமும் கணினி உருவமும் அதில் அடங்குமா, கல்விக்காகவும் தேவைக்காகவும் விலக்கு உண்டா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் உயிரற்றவற்றை வரைவதில் தடையில்லை. உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் தம்மிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் செய்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. தொழிலை மூடிவிட்டுப் போ என்று அவர்கள் சொல்லவில்லை; செய்யத்தக்க வழியைக் காட்டினார்கள்.

டிசைன் துறையின் பெரும்பகுதி எழுத்து, எண், கட்டம், குறியீடு, வரைபடம், பொதி உறை, கைப்பேசித் திரை என்று உயிரற்றவற்றிலேயே நடக்கிறது. எழுத்துருவியல், தகவல் வடிவமைப்பு, நூல் வடிவமைப்பு, செயலி வடிவமைப்பு ஆகிய பிரிவுகளை ஒரு பிள்ளை தன் சிறப்புத் துறையாக எடுத்துக்கொள்ளலாம். அதே நேரம் ஒன்றை மறைக்கக் கூடாது. கவின்கலைக் கல்லூரிகளில் மனித உருவத்தைப் பார்த்து வரையும் பயிற்சி உண்டு. டிசைன் கல்லூரிகளிலும் முதல் ஆண்டில் ஓரளவு இருக்கும். அது எந்த அளவு, எந்த முறையில் என்பதைச் சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்கள் நம்பும் ஆலிமிடம் கலந்து பேசுங்கள்.

வேலைக்குப் போன பிறகு வரும் சோதனைகளையும் இப்போதே பிள்ளையிடம் பேசிவிட வேண்டும். மது, வட்டி, சூதாட்டச் செயலி, ஆபாச விளம்பரம் ஆகியவை வரும்; மறுக்கத் துணிவு வேண்டும். தரமற்ற பொருளைத் தரமானதாகக் காட்டும் உறையும், நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிக்கும் விளம்பரமும் மோசடிதான். பிறர் வடிவத்தைத் திருடுவதும், திருட்டு மென்பொருளில் தொழில் செய்வதும் அமானத்துக்கு மாறானவை.

எங்கே படிக்கலாம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நமக்கு அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. டிசைனைப் பட்டமாகப் படிக்க வெளியூர்தான் போக வேண்டியிருக்கும். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பி.டெஸ் என்ற நான்காண்டுப் பட்டம். 1961இல் அகமதாபாதில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. இதில் முதன்மையானது. அதே பெயரில் ஆந்திரம் உள்ளிட்ட வேறு மாநிலங்களிலும் நிறுவனங்கள் உள்ளன. நுழைவுத் தேர்வு முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டம். ஐஐடிக்களில் பி.டெஸ் சேர, மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு பகுதி கணினியில், ஒரு பகுதி கையால் வரைவது. கலை, வணிகப் பிரிவு மாணவர்களும் எழுதலாம். சில ஐஐடிக்கள் மட்டும் கணிதமும் அறிவியலும் கேட்கும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். சென்னைத் தரமணியில் நிஃப்ட் இருக்கிறது. அங்கே ஃபேஷன் கம்யூனிகேஷன் என்ற பிரிவு நமது பொருளுக்கு நெருக்கமானது.

இரண்டாவது வழி, பி.எஃப்.ஏ என்ற நான்காண்டுக் கவின்கலைப் பட்டம். 1850இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் காட்சித் தொடர்பு வடிவமைப்பு ஒரு பிரிவாக உள்ளது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. சென்னைக் கல்லூரி எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ரயிலேறினால் எழும்பூர்தான். புதுச்சேரி பாரதியார் பல்கலைக்கூடத்திலும் காட்சிக்கலைப் பட்டம் உண்டு. நம் இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம் என்பதால் பெண்பிள்ளைகளை விடுதியில் விடத் தயங்குவோர் விசாரிக்கலாம். பிற மாநில மாணவர்க்கு எத்தனை இடம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் பி.எஃப்.ஏ அப்ளைடு ஆர்ட் இருக்கிறது.

மூன்றாவது வழி, பல கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள மூன்றாண்டு விஸ்காம் பட்டம். இதில் புகைப்படம், திரைப்படம், விளம்பரம், ஊடகம் எல்லாம் கலந்திருக்கும்; டிசைன் ஒரு பகுதிதான். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: என்.ஐ.டி., யூசீட், நிஃப்ட் தேர்வுகளுக்கான விண்ணப்பம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே, பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். மதிப்பெண் வந்த பிறகு விசாரித்தால் ஓராண்டு போய்விடும்.

செலவும் இடஒதுக்கீடும்

என்.ஐ.டி., நிஃப்ட், தனியார் நிறுவனங்களில் கட்டணம் லட்சங்களில் போகும். வட்டிக் கடனில் மாட்டிக்கொண்டு படிக்க வைக்கும் முன், அரசுக் கல்லூரி, உதவித்தொகை, ஜமாஅத்தின் பைத்துல்மால் ஆகிய கதவுகளை முதலில் தட்டுங்கள். ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஐஐடி, என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே மத்திய ஓ.பி.சி. பட்டியல்தான் கணக்கு. உங்கள் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமிலேயர் அல்லாதோர் என்ற தனிச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி இடத்தை இழந்துவிடக் கூடாது.

சோறு போடுமா?

ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது, முயற்சி நம்மிடம். செயலி நிறுவனங்கள், பதிப்பகங்கள், பொதி உறை செய்யும் தொழிற்சாலைகள், விளம்பர நிறுவனங்கள், ஊடகங்கள் ஆகிய இடங்களில் இவர்களுக்கு வேலை இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணிகளும் உண்டு என்பது நம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வசதி. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுத் தருகிறது. வெறுமனே படம் போடத் தெரிந்தவருக்கு இனி சிரமம்தான். ஆனால் காது மந்தமான ஒரு முதியவர் அதிகாலையில் மங்கலான வெளிச்சத்தில் இந்த அட்டையைப் படிப்பார் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்க அக்கறையுள்ள மனிதர் வேண்டும். அந்த அக்கறையைப் பயிற்றுவிக்கும் கல்லூரியைத் தேடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆர்வம் உண்மையா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை, பேருந்து நிலைய நேரப் பலகை, மருந்துச் சீட்டு இவற்றில் ஒன்றை எடுத்து, படிப்பவருக்கு எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து, தாளில் திருத்தி வரையச் சொல்லுங்கள். வரைந்ததை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, புரிகிறதா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். புரியவில்லை என்றதும் சலிக்காமல் மறுபடி உட்காரும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு பொருந்தும். கணினியில் பழக இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஜிம்ப் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

திண்டிவனத்துச் சகோதரரிடம் கடைசியாக ஒன்று சொன்னோம். "பாய், முடிவு உங்களுடையது. மகளிடம் வேண்டாம் என்று சொல்லும் முன், அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்." அவர் தலையசைத்துவிட்டு, விண்ணப்பம் எந்த மாதம் வரும் என்று மறுபடி கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனார். வரும் ரமளானுக்கான அட்டையை வரைந்து பார்க்கும்படி அவருடைய மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.